பயணிக்கு மிதவை உடை, மீனவருக்குப் பிரேத விசாரணை: கொங்கு நீர்த்தேக்கங்களில் பரிசல் தொழிலாளரின் உயிர்

கோவை மாவட்டம் காரமடையை அடுத்த பரளிக்காட்டில், பில்லூர் அணையின் நீர்ப்பரப்பில் வனத்துறை சூழல் சுற்றுலா நடத்துகிறது. நகரத்துக் குடும்பங்கள் பரிசலில் ஏறுமுன் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு மிதவை உடை அணிவிக்கப்படுகிறது. குழந்தையின் கழுத்துப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பரிசல் நகர்கிறது. இது சரியான ஏற்பாடு. இதில் எங்களுக்கு எந்த மாறுபாடும் இல்லை.

அதே பவானி ஆறு மேட்டுப்பாளையம், சிறுமுகை கடந்து பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் விரிகிறது. அங்கே பொழுது சாயும் நேரத்தில் வலையோடு பரிசல் ஏறும் தொழிலாளியிடம் ஒரு துடுப்பும், ஒரு கைவிளக்கும், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கைப்பேசியும் இருக்கின்றன. மிதவை உடையை நாங்கள் பார்த்ததில்லை. ஆறும் பரிசலும் ஒன்றுதான். பொழுதுபோக்குக்கு ஏறுபவரின் உயிருக்கு விதி இருக்கிறது. பிழைப்புக்கு ஏறுபவரின் உயிருக்கு விதி இல்லை. இந்த வேறுபாடு தற்செயலானது என்று எங்களால் கருத முடியவில்லை. நீரின் மீது யாருக்கு உரிமை, நீரில் யாருடைய உழைப்பு என்ற பழைய கேள்வியிலிருந்தே இது பிறக்கிறது.

கடல் இல்லாத மீனவர்கள்

மீனவர் என்றவுடன் தமிழகப் பொதுப்புத்தி கடற்கரையை நோக்கித் திரும்புகிறது. அதற்குக் காரணம் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி மீனவர்களைக் கொண்டுசென்ற பிறகுதான் ஆழ்கடலில் இருப்பவருக்கு எச்சரிக்கையை எப்படிச் சேர்ப்பது என்ற விவாதமே தீவிரமடைந்தது. செயற்கைக்கோள் வழித் தகவல் கருவிகள் பற்றிப் பேசப்பட்டது. தேடுதல் பணியில் அரசின் பொறுப்பு என்ன என்று கேட்கப்பட்டது. போராடிப் பெற்ற அந்தக் கவனம் இன்னும் போதாது என்பதே கடலோர மக்களின் நிலைப்பாடு, அது நியாயமானது.

கொங்கு மண்டலத்துக்குக் கடல் இல்லை. ஆனால் மீன்பிடித் தொழில் உண்டு. மேட்டூர், பவானிசாகர், அமராவதி, திருமூர்த்தி, ஆழியாறு ஆகிய நீர்த்தேக்கங்களிலும், நொய்யல் நீரில் நிறையும் உக்கடம், சிங்காநல்லூர், குறிச்சி முதலான குளங்களிலும் ஆண்டு முழுவதும் மீன் பிடிக்கப்படுகிறது. 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. அணை நிறைந்திருக்கும் நாளில் ஒரு கரையிலிருந்து மறுகரை தெரியாத இடங்கள் அங்கே உண்டு. அந்த விரிவின் நடுவே தனியாக நிற்கும் மனிதருக்குக் கடலோரக் காவல் படையும் இல்லை, துறைமுகக் கொடியும் இல்லை, கரையில் காத்திருக்கும் மீட்புப் படகும் இல்லை.

இத்தொழிலில் இருப்பவர்கள் ஒரே சமூகத்தவர் அல்லர். பரம்பரையாக உள்நாட்டு மீன்பிடிப்பில் இருக்கும் செம்படவர், பருவதராஜகுலத்தார் இருக்கிறார்கள். நிலமற்ற அருந்ததியர், பறையர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். மலையடிவார இருளர்கள் இருக்கிறார்கள். பிறந்த சாதி வேறானாலும் நீரில் இறங்கும்போது இவர்களுக்குப் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: மீன் இவர்களுடையதல்ல.

பரிசல் எப்படிக் கவிழ்கிறது

பரிசல் எளிய கலம். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, முற்காலத்தில் மாட்டுத் தோலையும் இப்போது தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்பையும் போர்த்திச் செய்யப்படுவது. கிணற்றிலிருந்து கவலை இறைத்த காலத்தில் இந்த மண்ணின் வேளாண்மைக்குத் தோல் பறியைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். தோலும் நீரும் கூடிய இடமெல்லாம் ஒடுக்கப்பட்டோர் உழைப்பு இருந்திருக்கிறது. அந்த உழைப்புக்குக் கூலி இருந்தது. நீரில் பங்கு இருக்கவில்லை.

பரிசலின் அடி தட்டையானது. அசையாத நீரில் நிலையாக நிற்கும். ஆனால் காற்றை எதிர்த்து நேர்வழியில் போகும் அமைப்பு அதற்கு இல்லை. காற்று பிடித்தால் சுழலும். பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் கொங்கு மண்டலம் முழுவதையும் அறைகிறது. உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் அந்தக் காற்றை நம்பித்தான் காற்றாலைகள் நிற்கின்றன. எத்தனை வேகத்தில் வீசினால் எத்தனை யூனிட் மின்சாரம் என்று அதே காற்று கணக்கிடப்படுகிறது. எத்தனை வேகத்தில் வீசினால் பரிசல் இறக்கக் கூடாது என்று சொல்ல எந்த நீர்த்தேக்கக் கரையிலும் ஒருவரும் இல்லை.

இரண்டாவது ஆபத்து வலையில் இருக்கிறது. மாலையில் விரித்த செவுள் வலையை விடியலில் எடுக்கும்போது தொழிலாளி விளிம்பில் சாய்ந்து இழுக்கிறார். நீருக்கடியில் மரக்கட்டைகளும், அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் இடிபாடுகளும் கிடக்கின்றன. பவானிசாகரில் தணாயக்கன் கோட்டையே நீருக்குள் இருக்கிறது. வலை எங்காவது மாட்டிக்கொண்டால், இழுக்கும் விசை பரிசலை ஒருபுறமாகச் சாய்க்கிறது. விழுந்தவரின் காலை அவருடைய வலையே சுற்றிக்கொள்ளும். நீச்சல் தெரிந்தவர்கள் சாவது இப்படித்தான். அமராவதியிலும் பவானிசாகரிலும் முதலைகளும் உண்டு. கரையேறினால் யானை நிற்கும் இடங்களும் உண்டு.

நகரக் குளங்களில் பரிசல்கூட இல்லாதவர்கள் லாரி டியூபிலும் தெர்மாகோல் பலகையிலும் மிதந்து வலை விரிக்கிறார்கள். கோவை வாலாங்குளத்தில் படகு சவாரி செய்பவர் மிதவை உடையோடுதான் அமர்கிறார். நகரின் மற்றொரு குளத்தில் மீனுக்காகத் தெர்மாகோலில் குப்புறப் படுத்துச் செல்பவரை எவரும் தடுப்பதில்லை; எவரும் காப்பதுமில்லை.

குளிக்கப் போனவர் கையில் வலை எதற்கு?

இப்படி ஒருவர் இறந்தால் என்ன நடக்கிறது? முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 174. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 194. இயற்கைக்கு மாறான மரணம் என்று வழக்குப் பதிவாகிறது. பிரேத விசாரணை நடக்கிறது. சந்தேகம் இல்லை என்று கோப்பு மூடப்படுகிறது. அந்த அறிக்கையில் ‘தவறி விழுந்து’ என்ற இரண்டு சொற்கள் மொத்தப் பொறுப்பையும் இறந்தவரின் காலில் கட்டிவிடுகின்றன.

எங்களிடம் வந்த கோப்பு ஒன்றில், இரவில் வலை எடுக்கப் போய் மூழ்கியவரைப் பற்றி ‘குளிக்கச் சென்றபோது’ என்று எழுதப்பட்டிருந்தது. அவர் பெயரில் மீன்பிடி அனுமதி இல்லை. வேறொருவர் அனுமதியின் பேரில் இறங்கியவர். உண்மையை எழுதினால் பலருக்குக் கேள்வி வரும். எனவே அவர் குளிக்கப் போனவர் ஆக்கப்பட்டார். கூட்டுறவுச் சங்கம் அவர் உறுப்பினர் அல்ல என்றது. குத்தகைதாரர் அவரைத் தெரியாது என்றார். அவருடைய மனைவி எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “குளிக்கப் போனவரு ராத்திரியில எதுக்குங்க வலையக் கொண்டு போனாரு?” எந்தக் குறுக்கு விசாரணையிலும் இதைவிடக் கூர்மையான கேள்வியை நாங்கள் கேட்டதில்லை.

அந்த ஒரு சொல் மாற்றத்தின் விலை என்ன என்பதைப் பார்ப்போம். 2020-இல் தொடங்கப்பட்ட பிரதான் மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் விபத்துக் காப்பீடு உள்நாட்டு மீனவருக்கும் பொருந்தும். மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகளே செலுத்துகின்றன. மீனவர் கையிலிருந்து ஒரு காசும் தேவையில்லை. ஆனால் அவர் மீனவர் என்று முன்கூட்டியே ஏதோ ஓர் ஏட்டில் பதிவாகியிருக்க வேண்டும். மாநிலத்தில் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மீனவர் நல வாரியமும் இருக்கிறது. அங்கும் உறுப்பினர் அட்டை வேண்டும். பதிவு இல்லாதவருக்கு உதவி இல்லை. சங்கத்தின் கதவு திறக்காதவருக்குப் பதிவு எளிதில் இல்லை.

அடையாளம் இல்லாமை இழப்பீட்டை மட்டும் பறிப்பதில்லை. 2023 பிப்ரவரியில், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேற்பகுதியில், தமிழக – கர்நாடக எல்லையிலுள்ள பாலாற்றுப் பகுதியில் பரிசலில் சென்றவர்கள் மீது கர்நாடக வனத்துறையினர் துப்பாக்கியால் சுட்டதாகப் புகார் எழுந்தது. அடுத்த சில நாட்களில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவரின் உடல் ஆற்றிலிருந்து மீட்கப்பட்டது. வந்தவர்கள் வேட்டைக்காரர்கள் என்றது ஒரு தரப்பு. மீன் பிடிக்கச் சென்றவர்கள் என்றது மறுதரப்பு. ஒரு மனிதர் இறந்த பிறகு அவருடைய தொழில் என்ன என்பதே வழக்காகிவிடுகிறது. இந்த நிலையில்தான் நீரில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

யார் முதலாளி?

பெரிய நீர்த்தேக்கங்களில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்திடமோ, கூட்டுறவுச் சங்கத்திடமோ, குத்தகை எடுத்தவரிடமோ இருக்கிறது. தொழிலாளி பிடித்த மீனை அதற்குரிய இடத்தில் எடைபோட்டு ஒப்படைக்க வேண்டிய ஏற்பாடு பல இடங்களில் உள்ளது. கிலோவுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி. வெளியே விற்றால் அது திருட்டு. ஆனால் விபத்து என்று வந்தால், அவர் சுயதொழில் செய்பவர் என்று வாதிடப்படுகிறது. மீன் கரைக்கு வரும்வரை அது முதலாளியுடையது. மனிதர் மூழ்கினால் அவர் சுதந்திரமானவர்.

இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டது. தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில் (1957), கட்ச் பகுதியின் உப்பளங்களில் உழைத்த அகரியாக்கள் தொழிலாளர்களா, சுயேச்சையான ஒப்பந்தக்காரர்களா என்ற கேள்வி எழுந்தது. அவர்களுக்கு எடைக் கணக்கில்தான் கூலி. வேலை நேரம் நிர்ணயிக்கப்படவில்லை. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவும் முடிந்தது. ஆயினும் அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளிக்கப்பட்டது. ஹுசைன்பாய் வழக்கில் (1978) நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், இடையில் ஒப்பந்தக்காரர்களை நிறுத்தினாலும், யாருடைய வணிகத்துக்காகத் தொழிலாளர் உற்பத்தி செய்கிறார்களோ, யாருடைய பொருளாதாரக் கட்டுப்பாட்டில் அவர்களின் பிழைப்பு இருக்கிறதோ, அவரே உண்மையான முதலாளி என்ற அளவுகோலை வகுத்தார். எடைக்குக் கூலி வாங்கும் உப்பளத் தொழிலாளிக்குப் பொருந்திய இந்த நீதி, எடைக்குக் கூலி வாங்கும் பரிசல் தொழிலாளிக்கு ஏன் பொருந்தாது?

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தின் பல கூறுகள் தொழிலாளருக்குப் பாதகமானவை. அவற்றை நாங்கள் எதிர்க்கிறோம். ஆனால் பத்துப் பேருக்குக் குறையாமல் உழைக்கும் நிறுவனத்தில், பணியிடத்தை ஆபத்தின்றி வைத்திருக்கும் கடமை முதலாளியுடையது என்று அச்சட்டமும் ஒப்புக்கொள்கிறது. நீர்ப்பரப்பு ஒரு பணியிடம் என்பதை முதலில் நிலைநாட்ட வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188-ஆம் உடன்படிக்கை (2007), ஆறு, ஏரி, கால்வாய்களில் நடக்கும் வணிக மீன்பிடிப்பையும் மீன்பிடித் தொழில் என்றே வரையறுக்கிறது. இந்தியா அதை ஏற்று ஒப்புதல் அளிக்கவில்லை.

உள்நாட்டு நீர்நிலைகளின் மீன்பிடிப்புக்கு இன்றும் கைகொள்ளப்படும் சட்டங்களுள் ஒன்று 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். வெடி வைத்து மீனைக் கொல்லாதே, நஞ்சிட்டு மீனைக் கொல்லாதே என்று அது சொல்கிறது. நல்ல சட்டம், மீனைக் காக்கிறது. மீன் பிடிப்பவரைக் காக்க அதில் ஒரு வரியும் இல்லை.

குளமும் சாதியும்

சிறிய குளங்களுக்கு வருவோம். ஆண்டுதோறும் மீன் பாசி ஏலம் நடக்கிறது. ஏலத்தில் நிற்கப் பணம் வேண்டும். அதைவிட, ஊரில் எதிர்ப்பின்றி நிற்கும் சாதி வேண்டும். பல ஊர்களில் ஏலம் எடுப்பவர் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவர். சேற்றில் இறங்கி வலை இழுப்பவர் சேரியைச் சேர்ந்தவர். குளத்தில் தலித் இறங்குவதைத் தீட்டென்று சொன்ன ஊர், கூலிக்கு இறங்கும்போது தீட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரருந்தியபோது, அது தாகத்தைப் பற்றிய போராட்டமாக மட்டும் இருக்கவில்லை. பொது நீர்நிலையில் சம மனிதராக நிற்கும் உரிமையைப் பற்றியது. அந்த உரிமையே அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவில் கிணறுகள், குளங்கள், படித்துறைகள் என்று பெயர் சொல்லி எழுதப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம், ஊரின் பொதுச் சொத்துகளையும் ஆறு, குளம், கிணறுகளையும் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைப் பிரிவு 3(1)(za)-இன்கீழ் குற்றமாக்கியது. ஏலத்தில் பங்கேற்கவிடாமல் மிரட்டுவதும், சாதியைக் காரணமாக்கி மீன்பிடிக்கத் தடை போடுவதும் இந்தப் பிரிவின் வழியே பார்க்கப்பட வேண்டியவை. கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் உரிமை 2011-இன் 97-ஆம் திருத்தத்தால் அரசமைப்பின் 19(1)(c) பிரிவில் சேர்க்கப்பட்டது. பரம்பரை மீனவச் சாதிக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்ற நடைமுறை எங்கேனும் இருந்தால், நீதிமன்றத்தில் அது நிற்காது. இதைச் சொல்லும்போது, செம்படவர் முதலான உழைக்கும் சமூகங்களின் வாழ்வுரிமையைக் குறைக்க வேண்டும் என்பது எங்கள் நோக்கமல்ல. ஏலத்தொகையை உயர்த்திக்கொண்டே போகும் பண பலத்தின் முன் அவர்களும் தோற்பவர்கள்தாம்.

மலையடிவாரத்துக்கு வேறொரு சட்டமும் உண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(d) பிரிவு, மீன் உள்ளிட்ட நீர்நிலை விளைபொருட்களின் மீது சமூக உரிமையை அங்கீகரிக்கிறது. சிறுமுகை அருகே காந்தவயல், உளியூர், ஆளூர் போன்ற ஊர்களை எண்ணிப் பாருங்கள். பவானிசாகர் நீர்மட்டம் உயரும் ஆண்டுகளில் பின்னோக்கித் தேங்கும் நீர் பாலத்தை மூழ்கடித்தது. மாணவரும் கர்ப்பிணியரும் பரிசலில் கடந்தார்கள். மக்கள் குரல் எழுப்பிய பின்னரே அங்கே இயந்திரப் படகு வந்தது. உயரமான பாலத்துக்கும் பணி தொடங்கியது. அணையின் பயன் கீழ்பவானிப் பாசன நிலங்களுக்கு. அணையின் ஆபத்து கரையோரச் சிற்றூர்களுக்கு. இந்தக் கணக்கை மாற்ற மக்களின் குரலால் முடியும் என்பதற்கும் அதே ஊர்கள் சான்று.

செய்ய வேண்டியவை

மிதவை உடை கொடுத்தாலும் போட மாட்டார்கள் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். பயணிக்கான பருத்த உடையை அணிந்து வலை இழுக்க முடியாது என்பது உண்மை. கை அசைவைத் தடுக்காத, மெல்லிய வேலை உடைகள் உண்டு. எது தோதானது என்று நீரில் இறங்குபவரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு முன், அவரைத் தொழிலாளியாக ஏற்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் ஐந்து. முதலாவது, 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரமற்ற கலங்களையும் ஏட்டில் சேர்க்க வழி திறந்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகள் வழியாக ஒவ்வொரு பரிசலையும், உரிமையாளரோடு உழைப்பவரையும் கட்டணமின்றிப் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பதிவு காப்பீட்டுக்கு வாயிலாக இருக்க வேண்டும். தண்டம் வசூலிக்கும் கருவியாகிவிடக் கூடாது. இரண்டாவது, மீன்பிடிக் குத்தகை ஒப்பந்தங்களில் மிதவை உடை, மீட்புப் படகு, இரவு விளக்கு, காப்பீடு ஆகியவை குத்தகைதாரரின் கட்டாயக் கடமையாக எழுதப்பட வேண்டும். மீறினால் குத்தகை ரத்து. மூன்றாவது, காற்று எச்சரிக்கையைக் கரையில் கொடியாகவும் கைப்பேசியில் குரலாகவும் சேர்க்க வேண்டும். இறங்கக் கூடாத நாட்களுக்குப் படி வழங்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் 61 நாள் தடைக்காலத்துக்கு நிவாரணம் தரும் அரசுக்கு இது புதிய தத்துவம் அல்ல. நான்காவது, பட்டியல் சாதி, பழங்குடித் தொழிலாளரின் சங்கங்களுக்கு ஏலத்தில் முன்னுரிமை வேண்டும். ஐந்தாவது, நீர்நிலையில் தொழிலின்போது நேரும் ஒவ்வொரு மரணத்தையும் மீன்வளத் துறை தனிப் பதிவேட்டில் ஏற்றி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் இருக்கிறது. உங்கள் பகுதியில் இத்தகைய மரணம் நேர்ந்தால், முதல் நாளிலேயே காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். பிரேத விசாரணை அறிக்கையில் பரிசல், வலை, நேரம், மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறது என்ற நான்கு விவரங்களும் எழுதப்படுவதை உறுதிசெய்யுங்கள். வலையையும் பரிசலையும் படம் எடுத்து வையுங்கள். உடற்கூறாய்வு அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். குத்தகை ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். எடைச் சீட்டு ஒன்று வீட்டில் கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். முதலாளி யார் என்பதற்கு அதுவே முதல் சான்று.

பரளிக்காட்டில் குழந்தையின் கழுத்துப் பட்டையைச் சரிபார்க்கும் அதே அரசிடம், வலை எடுக்கப் போகும் தந்தையின் உயிரையும் சரிபார்க்கச் சொல்கிறோம். குளிக்கப் போனவர் என்று எழுதப்பட்ட அந்த அறிக்கையைத் திருத்தக் கோரும் எங்கள் மனு நிலுவையில் இருக்கிறது. அந்த அம்மாவின் கேள்வியை மனுவின் முதல் பத்தியில் வைத்திருக்கிறோம்.